கதிரவன் வீட்டுப் பெட்டிக்குப் பூட்டு வந்த கதை

சிவகாசிக்காரன் என்று சொன்னதும் வெளியூரில் இரண்டு கேள்விகள் தயாராக இருக்கும். பட்டாசு சல்லிசாகக் கிடைக்குமா என்பது ஒன்று. எனக்கு மனைவி இல்லை என்று தெரிந்தால், வெடி விபத்தா என்பது இன்னொன்று. இரண்டுக்குமே எனக்குக் கோபம் வரும். பானுப்பிரியா விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்தவள்தான். ஆனால் அவளைக் கொண்டுபோனது காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தானே என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு வாரம் தாண்டவில்லை. அப்போது எங்கள் மகள் வேல்விழி மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுத உட்கார்ந்தது பானுவைப் பற்றி அல்ல, வீடியோ கதிரவனைப் பற்றி. ஆனால் அவன் செய்த உதவி எவ்வளவு பெரியது என்று புரிய வேண்டுமானால், எங்கள் வீட்டில் என்ன இல்லாமல் இருந்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

பானு பேசி நடமாடுகிற வீடியோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எங்கள் கல்யாணம் கோவிலில் நடந்தது, போட்டோவோடு சரி. பின்னால் செல்போனில் எடுத்ததெல்லாம், அந்த போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த அன்றே போய்விட்டது. வேல்விழி பத்தாவது படிக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று கேட்டாள்: "அம்மா என்னைய எப்படிப்பா கூப்பிடும்?" நான் காலண்டர் ஆர்டர் பிடிக்கிற ஏஜெண்டு. வாய் இருப்பதால் பிழைக்கிறவன். அன்றைக்கு அந்த வாயும் கைவிட்டது. "வேல்விழின்னுதான் கூப்பிடும், வேற எப்படிக் கூப்பிடும்" என்று எரிந்து விழுந்துவிட்டுக் கைகழுவப் போனேன்.

கதிரவன் நாரணாபுரத்தில் எங்கள் தெருக்காரன். அவனுடைய அப்பா அம்மா இருவருமே பட்டாசு வேலைக்குப் போனவர்கள். இவன் மட்டும் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கப் போய், அப்படியே கேமரா பிடித்து, பிறகு தனியாகத் தொழில் தொடங்கினான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோவில் பொங்கல் என்று சுற்றுவட்டாரத்தில் எல்லாம் அவன்தான். நல்ல வீடியோக்காரன் என்று சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை தாலி கட்டும்போது இவன் கேமரா சாம்பார் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருக்கும். சமையல் நடக்கிற இடத்தில் போய் நின்றுகொண்டு, காய் நறுக்குகிற பெண்களையும் தேங்காய் உரிக்கிற ஆட்களையும் மணிக்கணக்கில் எடுப்பான். "மேடையில இருக்கிறவுக சிரிக்கச் சொன்னாச் சிரிக்காக. இங்கன இருக்கிறவுக தானா சிரிக்காகண்ணே" என்பான். காசு கொடுத்தவர்கள் திட்டுவார்கள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் திட்டு வாங்கினான். மறுபடியும் அண்டாவைத்தான் எடுத்தான்.

அவனிடம் இருந்த இன்னொரு கோளாறு, எதையும் அழிக்க மாட்டான். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் டிவிடி போட்டுக் கொடுத்ததும் டேப்பில் அடுத்த கல்யாணத்தைப் பதிவார்கள். இவன் வீட்டு பீரோவில் டேப்பும் டிஸ்க்கும் அடைந்து கிடந்தன. "கட்டுன சேலையக் கொடியிலதான் போடணும்போல, பீரோ உங்க டேப்புக்குத்தான் சீதனமா வந்துச்சு" என்று அவன் மனைவி பாண்டிலட்சுமி சொல்லாத நாளில்லை. ஊரில் யாராவது தவறிப்போனால் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேட்டு அவனிடம்தான் ஓடுவார்கள். அவனும் தேடிக் கொடுப்பான். அப்படித் தேடித் தேடித்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

ஒரு அச்சகத்தில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வாங்கி வந்தான். பெரிய டிஸ்க்குகளாகப் பார்த்து மாட்டினான். டேப் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அதில் ஏற்றி, எந்த வீடு, என்ன விசேஷம், எந்த வருஷம் என்று பேர் போட்டு அடுக்கினான். வீட்டு டிவியிலோ போனிலோ பேரைத் தொட்டால் அந்த விசேஷம் ஓடும். சினிமா ஒன்றுகூடக் கிடையாது. இதற்கு ஆங்கிலத்தில் மீடியா சர்வர் என்று பேராம். நாங்கள் பெட்டி என்றோம். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் பகலும் இரவும் அது உறுமிக்கொண்டே இருக்கும். கரண்டு போனால் அதற்கு மட்டும் பேட்டரி ஓடும். "மனுசருக்கு ஃபேன் நின்னு போச்சு, பெட்டிக்கு மட்டும் காத்து" என்று பாண்டிலட்சுமி அதற்கும் ஒரு பாட்டு வைத்திருந்தாள்.

பெட்டி வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதிரவன் என்னையும் மகளையும் கூப்பிட்டனுப்பினான். "அண்ணே, மதினி எந்த வீட்டு விசேஷம்னாலும் மொத ஆளா சமையலுக்கு வந்துருவாகல்ல? தேடிப் பாத்தேன். இருக்காகண்ணே" என்றான்.

எங்கள் தெரு ஊர்க்காவலன் வீட்டுக் காதுகுத்து அது. பந்தலுக்குப் பின்னால் ஐந்தாறு பெண்கள் கத்தரிக்காய் நறுக்குகிறார்கள். நடுவில் பானு. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு யாரையோ கேலி செய்கிறாள். கேமரா தன் பக்கம் திரும்பியதும் கத்தியை நீட்டிச் சத்தம் போடுகிறாள்: "ஏலே கதிரவா, பந்தியப் போயி எடுலே! எங்க மூஞ்சிய எவன் உக்காந்து பாக்கப் போறான்?" எல்லாரும் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அடுத்தவன் வீட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். வேல்விழி அழவில்லை. திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். கடைசியில், "என் பேரச் சொல்லலையேப்பா" என்றாள்.

அதிலிருந்து அவளுக்கு அதுவே வேலையாகிவிட்டது. அடுத்தவர் வீட்டுக் கல்யாணங்களில் அம்மாவைத் தேடுவது. லீவு நாளில் கதிரவன் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு விசேஷத்தில் பானு குடத்தோடு குறுக்கே போவாள். இன்னொன்றில் பந்தியில் ரசம் ஊற்றுகிற கை மட்டும் தெரியும்; வளையலை வைத்துக் கண்டுபிடிப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் மட்டும் கிடைக்கவில்லை. பார்க்க வேண்டியது இன்னும் மலையாகக் கிடந்தது.

பிறகு அவளுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்தது. போகிற அன்று கதிரவனிடம், "சித்தப்பா, அங்கன இருந்து பெட்டியப் பாக்க முடியாதா?" என்று கேட்டாள். அவள் கேட்டு அவன் இல்லை என்று சொன்னதே கிடையாது. எதையெதையோ பார்த்துப் படித்து, வீட்டு இன்டர்நெட்டில் வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வாசலைத் திறந்துவிட்டான். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இனி அவரவர் வீட்டு விசேஷத்தைப் பார்க்கலாம். ஆனால் வயதானவர்களுக்குப் பேரும் பாஸ்வேர்டும் அடித்து உள்ளே போகத் தெரியாதே என்று, எல்லாருக்கும் ஒரே கணக்கு வைத்து, பாஸ்வேர்டே இல்லாமல் விட்டான். ஒரு கியூஆர் கோடு. போனைக் காட்டினால் போதும், பெட்டி திறந்துகொள்ளும்.

அந்தக் கோடை எல்லாருக்கும் எப்படிக் கொடுப்பது? வேறு ஊர்க்காரனாக இருந்தால் போனில் அனுப்பியிருப்பான். எங்கள் ஊரில் நாலு பேருக்கு ஒன்று தெரிய வேண்டுமென்றால் கை தானாக அச்சகத்துக்குப் போகும். புது வருஷத்துக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற தினசரி காலண்டர் அட்டையில் அச்சடித்துவிட்டான்! மேலே மாரியம்மன் கோவில் பொங்கலில் வரிசையாகப் பொங்குகிற பானைகள், அவனே எடுத்த படம். கீழே "நம்ம வீட்டு விசேஷங்களைக் காண" என்று போட்டு அந்தக் கோடு. பெட்டியின் சாவி எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கியது. டீக்கடையிலும் சலூனிலும் தொங்கியது. அதில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

காலண்டர் அடித்த அச்சகம்தான் எனக்கும் ஆல்பம் கொடுக்கிற அச்சகம். ஆல்பம் என்றால் காலண்டர் மாதிரிகளை வரிசையாகக் கோத்த பெரிய புத்தகம். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு ஏஜெண்டுகள் கையில் கொடுப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் தமிழ்நாடு முழுக்க ஆர்டர் பிடிக்கப் போவோம். முந்தின வருஷம் நன்றாக வந்த காலண்டர்களை மாதிரியாகச் சேர்ப்பது வழக்கம். முதலாளி மாரிசாமிக்கு அந்தப் பொங்கல் பானைப் படம் ரொம்பப் பிடித்திருந்தது. சேர்த்துவிட்டார், கோடும் கையுமாக.

ஆவணி மாதம் ஈரோட்டில் ஒரு துணிக்கடையில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். மேலாளர் நிதானமான மனிதர். பானைப் படத்தில் கை வைத்து, "இதென்னங்க கோடு, பணம் அனுப்பறதுங்களா?" என்று போனை எடுத்துக் காட்டினார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்புகிற யோசனையில் இருந்தேன். அவர் போனில் ஏதோ திறந்தது. "தொடர்ந்து பார்க்க" என்று மேலே ஒரு படம் வந்தது, தொட்டார்.

"ஏலே கதிரவா, பந்தியப் போயி எடுலே!"

ஈரோட்டுத் துணிக்கடையில் என் பெண்டாட்டியின் குரல். எல்லாருக்கும் ஒரே கணக்கு என்பதால், ஒருவர் எந்த இடத்தில் நிறுத்தினாரோ அந்த இடத்தில்தான் அடுத்தவருக்கும் தொடங்கும். அன்று காலை ஹாஸ்டலில் வேல்விழி அம்மா முகத்தில் நிறுத்திவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள். கடைப் பையன்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "உங்க ஊருப் பேச்சு கேக்கறதுக்கு நல்லா இருக்குதுங்க" என்றார் மேலாளர்.

"அது என் வீட்டுக்காரி. இப்ப இல்ல" என்றேன்.

அவர் போனை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பையன்களை வேலையைப் பார்க்கச் சொன்னார். எனக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் ஆல்பத்தில் அடுத்த பக்கத்தை அவரே திருப்பினார். முகம் தெரியாத ஊரில் அந்த மனிதர் காட்டிய மரியாதைக்கு இன்றைக்கும் கை கூப்புகிறேன்.

தெருவுக்கு வந்து கதிரவனுக்கு போன் போட்டேன். நான் பேசியதை எழுத முடியாது. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணே, வாசல இப்பவே சாத்திட்டேன். நீங்க பேசுங்க" என்றான். அப்புறம் எதைப் பேசுவது?

எங்கெங்கிருந்து ஆட்கள் வந்தார்கள் என்று பெட்டி குறித்துவைத்திருந்ததை அன்றே அவன் பார்த்தான். பெங்களூர், சேலம், இன்னும் எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து போயிருந்தார்கள். ஏஜெண்டுகள் போன ஊர்கள் மட்டுமல்ல, வடநாடு, வெளிநாடு என்றுகூடக் காட்டியது. திறந்து கிடக்கிற வாசலைத் தேடி அலைகிற இயந்திரங்கள் உண்டாம். யார் எதைப் பார்த்தார்கள், எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று சொல்ல வழியில்லை. தான் தொடாத வீடியோக்கள் பாதியில் நிற்கின்றன என்று வேல்விழி முன்பே அவனிடம் சொல்லியிருந்தாள். தெருக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறான் மடையன்.

மற்றவனாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். கதிரவன் பாண்டிலட்சுமியையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். நடந்தது இன்னது, தப்பு என்னுடையது என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னான். மாரிசாமி முதலாளியிடமும் போனான். அவர் ஏஜெண்டுகளுக்கெல்லாம் போன் போட்டு அந்த அட்டையைக் கிழிக்கச் சொன்னார். தெருவில் நல்ல திட்டு விழுந்தது. சோலையம்மாள் அத்தைதான் ரொம்பக் கொதித்தது. அதன் பேத்தி வயசுக்கு வந்த சடங்கு வீடியோ பெட்டியில் இருந்தது. "பொம்பளப்பிள்ள விசேஷத்த ஊரு பூராம் பாக்க விட்டிருக்கியேலே, நீ வெளங்குவியா?" என்று மண்ணை வாரித் தூற்றாத குறை. அது கேட்டதில் அணுவளவு தப்பில்லை. கதிரவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "மொத்தத்தையும் அழிச்சுத் தொலை" என்று சிலர் சொன்னார்கள்.

அன்று வேல்விழி போன் செய்தாள். "சித்தப்பா அழிச்சிருவாகளாப்பா? நான் இன்னும் பாதிகூடப் பாக்கலையே" என்றாள். அழுகை இல்லை. அம்மா காய்ச்சலில் கிடந்தபோது கதவுக்குப் பின்னால் நின்று, நான் பள்ளிக்கூடம் போகணுமா என்று கேட்ட அதே குரல். என்னால் தாங்க முடியவில்லை.

கதிரவன் அழிக்கவில்லை, பூட்டினான். முகூர்த்த நாளில்கூட ஆர்டரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். வெளி வாசல் இனிமேல் கிடையாது. அதற்குப் பதில் வி.பி.என். என்று ஒன்று. ஒவ்வொரு போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் தனியாக ஒரு பாதை. சாவி ஏற்றிய போன் மட்டும்தான் அதில் வர முடியும். மற்றவர்களுக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாது. போன் தொலைந்தால் அந்த ஒரு சாவியை மட்டும் ரத்து செய்துவிடலாம். உள்ளே வந்த பிறகும் வீட்டுக்கு ஒரு கணக்கு, கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு. அந்தந்த வீட்டு விசேஷம் அந்தந்த வீட்டுக்கு மட்டும். வேண்டாம் என்றவர்கள் வீடியோவை அவர்கள் கண் முன்னாலேயே பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் பெட்டியிலிருந்து நீக்கினான். சோலையம்மாள் வீட்டுச் சடங்குதான் முதலில் போனது.

சாவி வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு நேரில்தான் வர வேண்டும் என்றான். திருப்பூரிலிருந்து அவன் மச்சினனே கெஞ்சினான், வாட்ஸப்பில் அனுப்பு என்று. "முடியாது, பஸ் ஏறி வா" என்றுவிட்டான். சாவியைக் காலண்டரில் அடித்து நாட்டுக்கே கொடுத்த மகராஜன்!

எல்லாம் சரி. ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கில் என்ன இருக்கும்? நாங்கள்தான் எந்த விசேஷத்துக்கும் வீடியோ வைத்ததே இல்லையே. பானு இருப்பதெல்லாம் அடுத்தவர் வீட்டு வீடியோக்களில். எங்கள் பேரில் கணக்கைத் திறந்தபோது ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருந்தது. கதிரவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணே, அவுகவுக வீட்டுச் சாமான். நான் எடுத்துக் குடுக்க உரிமை இல்ல. குடுத்தா மறுபடியும் அதே தப்பு" என்றான். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. சரியான பேச்சுக்குக் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவள் போன் வந்தாலே வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிடுவேன்.

அடுத்து நடந்ததைப் பாண்டிலட்சுமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சோலையம்மாள் அத்தை, தன் மகனுடைய போனை எடுத்துக்கொண்டு சாவி ஏற்ற வந்திருக்கிறது. கோபம் ஆறாமல் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, பெட்டியின் திரையைக் காட்டி, "பானு மகளுக்கு எம்புட்டு இருக்கு?" என்று கேட்டிருக்கிறது.

"ஒண்ணுமில்ல அத்த. அவுக வீட்டுக்கு வீடியோவே இல்லையே" என்றானாம் கதிரவன்.

அத்தை போனை அவன் கையில் கொடுத்ததாம். பிறகு, "எம் மகன் கல்யாணத்துக்கு மூணு நாளும் எங்க வீட்டுலயேதான் கெடந்தா அவ. பிள்ளையையும் இடுப்புல தூக்கிட்டு வந்து வேல பாத்தா. சடங்கத்தான் நீக்கிட்டேல்ல? கல்யாணத்த அந்தப் பிள்ளைக்குத் தொறந்து விடுலே" என்றிருக்கிறது.

அடுத்து வந்த ஊர்க்காவலனுக்கு விஷயம் தெரிந்து, தன் வீட்டுக் காதுகுத்தைத் திறந்துவிடச் சொன்னான். அதற்கடுத்து வந்தவர்களிடம் கதிரவன் வாயே திறக்கவில்லையாம். அவர்களாகவே, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "பானு பிள்ளைக்கு எங்க வீட்டதையும் போட்டு விடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அழித்துத் தொலை என்று சொன்னவர்களும்தான். வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

சரஸ்வதி பூஜை லீவுக்கு வேல்விழி வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பையோடு கதிரவன் வீட்டுக்குத்தான் போனோம். கதிரவன் அவள் போனை வாங்கிச் சாவி ஏற்றி, பாஸ்வேர்டை அவளையே வைக்கச் சொல்லித் திரும்பி நின்றுகொண்டான். அவள் திறந்தாள். மேலே அவள் பேர். கீழே வரிசையாக வீட்டுப் பேர்கள், விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. எல்லாம் அவளுக்கென்று கேட்டுக் கொடுக்கப்பட்டவை. பாண்டிலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பெட்டி இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அவள் வாயில் பெட்டிக்கு வந்த முதல் நல்ல வார்த்தை அது.

வேல்விழி சோலையம்மாள் வீட்டுக் கல்யாணத்தைத் தொட்டாள். அதுவரை அவள் பார்க்காதது. வழக்கம்போல மேடையை விட்டுவிட்டுக் கேமரா கொல்லைப்புறம் போனது. அடுப்பு, புகை, தேங்காய் மட்டைகள். நானும் கதிரவனும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். போனிலிருந்து திடீரென்று அந்தச் சத்தம் வந்தது.

"வேலு! ஏ வேலுக்குட்டி! அடுப்புகிட்டப் போகாத. எங்கன இருக்க நீ?"

ஆமாம், வேலுக்குட்டி. அப்படித்தான் கூப்பிடுவாள். கூடவே இருந்த எனக்கு அது மறந்தேபோயிருந்தது. அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் ஒருவன் திட்டு வாங்கிக்கொண்டே எடுத்துவைத்து, அழிக்காமல் காத்து, கடைசியில் பூட்டும் போட்டு, அதை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். நான் கதிரவனின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேல்விழி போனை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இங்கனதாம்மா இருக்கேன்" என்றாள்.